கேஜ் நோட்டு

இருநூற்று அறுபத்தி ரெண்டு.
அணையென்றால் எனக்குத் தெரியும்
இந்த எண்ணை என்ன செய்ய வேண்டுமென்று.
முப்பத்தோரு வருசம் தோவாளைச் சானலில் லஸ்கர்.
அடிக்கணக்கைப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன்,
ஷட்டர் சக்கரத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு
பீடி பற்ற வைப்பேன்.

ரத்தத்துக்கு ஷட்டர் எங்கே இருக்கிறது?

டாக்டர் ஷைனி நல்ல பிள்ளை. வடசேரியில் கிளினிக்.
சீட்டைத் திருப்பி ஒரு குழாய் வரைந்தாள்,
உள்ளே ஓரமாகப் பேனாவால் தீற்றினாள்.
"சானல்ல மண்ணு அடையும்லா, அது மாதிரி."
தலையாட்டினேன்.
மண் அடைந்த இடத்தில் கரை உடைந்து
நான் பார்த்ததில்லை. சொல்லவில்லை.
நண்டு வளை போட்ட இடத்தில்தான் உடையும்.
மேலே பச்சைப்புல், கீழே விரல் நுழையும் ஓட்டை.
சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமில்லை,
விடியும்போது ஞாலம் வயல் முழுக்கக் கடல்.

"எழுபத்தெட்டு வயசுல தின்னா பலன் உண்டா?"
"சிலருக்கு உண்டு.
யாருக்குன்னு எனக்குத் தெரியாது."
இந்த மாதிரி பதிலுக்காகத்தான் அவளிடம் போவது.

முதல் சீட்டு போன ஆவணியில்.
பதினாறு நாள் தின்றேன்.
பதினேழாம் நாள் தொடை இரண்டும்
சேற்றில் ஏர் பிடித்தவன் தொடைபோலக் கடுத்தன.
மாத்திரையா, வயசா, மழை ஈரமா
எவனுக்குத் தெரியும்.
ஆவுடையைத் தூக்கி நிறுத்தும்போது
முட்டு மடங்கியது.
அவளும் நானும் கட்டில் விளிம்பில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி
சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து தினம் ஒன்றாகப் பிதுக்கி
குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டேன்.
சுகந்தி ஷார்ஜாவிலிருந்து வீடியோவில்
வெறும் அட்டையை எண்ணிச் சந்தோசப்பட்டாள்.
செடிக்குக் கொழுப்பு குறைந்திருக்கும்.

என்னோடு வேலை பார்த்த ஞானதாஸ்
முட்டையும் மாட்டிறைச்சியும் தேங்காயெண்ணெயுமாக
எண்பத்தொன்று வரை இருந்தான்.
ஆரல்வாய்மொழி பஸ்ஸில், சீட்டில் இருந்தபடியே போனான்.
டிக்கெட்டுக்குக் கண்டக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டாராம்.
அப்படிப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
பயம் பாதி போவதில்.
இவளைப் போல நானும் பாதி போய்க் கிடந்தால்
இந்த வீட்டில் நிற்கிறவர் யார்?

இவளைத் தூக்கக் கால் வேண்டும், இன்றைக்கு.
இவளைத் தூக்க நான் வேண்டும், இன்னும் கொஞ்ச வருசம்.
ஒரே தண்ணீர், ரெண்டு மடை.
கோடையில் இப்படி மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.
முறை வைத்துத் திருப்பிவிடுவோம்,
அவனுக்கு மூணு நாள், இவனுக்கு மூணு நாள்.
ஒருத்தரும் சந்தோசமாகத் திரும்பிப் போனதில்லை.
பயிர் பெரும்பாலும் பிழைத்தது.

நேற்று ஷைனியிடம் போய்
குரோட்டன்ஸ் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.
சிரித்தாள். வேறு மாத்திரை, அளவும் குறைவு.
"மூணு மாசம் பாப்போம். கால் வலிச்சா எங்கிட்ட வாங்க,
தொட்டிக்குப் போகாண்டாம்."

ராத்திரி ஒன்பதரை. கஞ்சி ஆயிற்று.
ஆவுடையிடம் மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை.
ஃபேன் வெள்ளம். பசி வெள்ளம். மகள் வெள்ளம்.
ரெண்டு வருசமாக எனக்கும் அதுதான் பெயர்.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
சின்னது, ரோஸ் நிறம்.
"தின்னட்டா பிள்ளே?"
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"வெள்ளம்" என்றாள்.

சரி என்கிறாளா, தாகமா, என்னைக் கூப்பிட்டாளா?
கேஜ் இல்லாத இடத்தில் கம்பை விட்டுத்தான்
ஆழம் பார்ப்பது.
செம்பில் மோந்து வந்தேன்.
முதலில் அவளுக்கு.
கன்னத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு
மிச்சத்தில் நான்.

பழைய நோட்டில் கடைசிப் பக்கம் வெறுமனே கிடந்தது.
தேதி போட்டேன்.
மாத்திரை ஒன்று. கால் வலி இல்லை.
மழை இல்லை என்றும் எழுதினேன்,
பழக்கத்தில்.